பதினொரு அடி, ஓர் அங்குலம்

ஹம்பேர்க்
16.10.2023

அக்காவுக்கு,

2023 ஒக்டோபர் 14, சனிக்கிழமை, காலை 9.20. உங்கள் படுக்கையறையில் பதினேழு இடங்களில் அளவெடுத்தேன். கட்டில் தலைமாட்டுச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் மட்டும் மூன்று தரம்: நிலத்தோடு, இடுப்பளவில், கூரைக்குக் கீழே. மூன்று தரமும் 372 சென்ரிமீற்றர். உங்கள் மாமியின் கணக்கில் பன்னிரண்டு அடி, இரண்டரை அங்குலம்.

அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். அதனால் வரைபடம் தபாலில் வருகிறது. தமிழில்தான் எழுதுகிறேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது உங்கள் பிறந்தநாளுக்கு ஜெர்மனில் ஒரு மடல் எழுதித் தந்தேன். அதைத் திருப்பிக் கையில் தந்து, “எனக்கு எழுதுறதெண்டால் தமிழில எழுது” என்றீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீங்கள் படிப்பித்ததில் எனக்கு மறக்காதது அது ஒன்றுதான்.

சாப்பாட்டு மேசையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். பன்னிரண்டு அடி ஆகாது, பதினொன்று என்றால் பிள்ளைப் பேறு, அலுமாரி கட்டி அறையைப் பதினொன்றாக்கு என்று கமலாம்பிகை மாமி சொன்னா. மனையடிப் பொருத்தமாம். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். மேல்மாடி ஜெர்மன்காரருக்கும் இதே அறை, இதே 372. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். அவர்களுடைய சுவருக்குத் தமிழ் தெரியாதா? இதில் கோபிக்க என்ன இருக்கிறது? உங்களுக்கு இரண்டு தரம் கரு நிற்காமல் போனது. அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் கப்பல் அறைகளுக்கு உள்வேலை வரைகிறவன். என்னிடம் ஏன் வருகிறீர்கள்?

கணக்கு: பதினொரு அடி என்பது 335.3. ஆகவே அலுமாரியின் ஆழம் 36.7. சுவரின் முழு நீளம் 410, உயரம் 248. விருப்பம் என்றால் சொல்லுங்கள். இல்லையென்றால் வரைபடத்தைக் குப்பையில் போடலாம், எனக்கு நான்கு மணித்தியாலம்தான் போனது.

தாரகன்

*

பீலெஃபெல்ட்
24.10.2023

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் எட்டுப் பிழை. சிவப்புப் பேனையால் திருத்தி இதற்குள் வைத்திருக்கிறேன். ஒன்பதாவது பிழைக்குச் சிவப்பு போதாது.

நீ கேட்டது ஒரு கேள்விதான். சரி. நீ எழும்பிப் போன பிறகு அந்த மேசையில் இருந்தது ஆர் என்று யோசித்தாயா? மாமி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னா: “நீர் ஒண்டும் யோசியாதேயும் பிள்ளை. உம்மட தம்பி சொல்லுறது சரிதான். சுவரில பிழை இல்லையெண்டால் வேற எங்கையோ பிழை.” அதைச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

உனக்கு விளங்குதா? இல்லையென்றால் வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். பிழை சுவரில் இருந்தால் என்னில் இல்லை. சுவரில் இல்லையென்றால் என்னில். போன வருடம் முழுக்க அது என்னில்தான் இருந்தது. உன் அத்தானுக்கு முப்பத்தெட்டு வயது, ஒரே பிள்ளை, அவருக்கு வேறு வழி பார்க்கலாம் என்று மாமி டோர்ட்மண்டில் இருக்கிற தன் தம்பி சிறீதரனோடு தொலைபேசியில் கதைத்ததை நான் குசினியில் நின்று கேட்டேன். பிறகு அந்தச் சிறீதரன் மாமாவே வந்து, அறையை அடியால் அளந்து, பன்னிரண்டு என்று சொன்னார். தம்பி, நான் அவரைக் கும்பிடாத குறை. அன்றைக்குப் பிறகு மாமி என்னைப் பேசவில்லை. சுவரைப் பேசினா.

நான் உன்னை நம்பச் சொல்லவில்லை. ஓர் அலுமாரி கட்டித் தரச் சொல்கிறேன். எனக்கு.

இன்னொன்று. யன்னல் பக்கப் பகுதியில், நிலத்திலிருந்து 92 சென்ரிமீற்றர் உயரத்தில், ஒரு தட்டு வெளியே இழுக்கக்கூடியதாக வேணும். அகலம் எழுபது.

அக்கா
ஆரணி

பி.கு. தடுத்ததை எடுக்க மாட்டேன். நீ எழுதினால் யோசித்து எழுதுகிறாய். கதைத்தால் யோசிப்பதில்லை. எழுதியும் பெரிதாக யோசிக்கவில்லை என்பது வேறு.

*

ஹம்பேர்க்
5.11.2023

அக்காவுக்கு,

வாறன். நவம்பர் 25, சனிக்கிழமை. மாமி பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்து வைக்கட்டும், ஆனால் பன்னிரண்டு மணிக்கு முன்னம். கம்பனி வானை அன்றே திருப்பிக் கொடுக்க வேணும்.

அறைக்கு ஏற்றபடி இப்படி வரைந்திருக்கிறேன். ஐந்து பெட்டிகள், ஒன்றோடொன்று பக்கவாட்டில் பூட்டியவை. கதவுகள் சட்டத்துக்குள்ளேயே அடங்கும், வெளியே நீட்டாது. உங்கள் சுவர் மேலே ஒன்பது மில்லிமீற்றர் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. அந்த இடைவெளியைச் சீவி இறக்கிய ஒரு மெல்லிய பலகையால் மூடுவேன். வலது மூலையில் மின்சாரப் பொருத்தி இருக்கிறது, அங்கே முதுகுப் பலகையை வெட்டியிருக்கிறேன். கீழே அடிப்பலகை. அதன் முன்பக்கம் இரண்டு திருகாணித் துளைகள் தெரியும். அசிங்கம் என்று மாமி சொல்லக்கூடாது. உள்ளே இருக்கும் கால்களை உயர்த்தவும் தாழ்த்தவும் அடிப்பலகையைக் கழற்ற வேண்டும், அதற்குத்தான் அவை.

சேலைகள் மடித்தா தொங்கவிட்டா? எத்தனை? ‘கொஞ்சம்’ என்று எழுத வேண்டாம். எண்ணி எழுதுங்கள்.

92 உயரத் தட்டு: பாரம் எழுதவில்லை. எத்தனை கிலோ தாங்க வேணும்? பாரம் தெரியாமல் தட்டு ஓடும் தண்டவாளம் வாங்க ஏலாது. அதில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்றும் எழுதவில்லை.

தாரகன்

*

பீலெஃபெல்ட்
11.11.2023

தம்பி,

சேலை நாற்பத்தொன்று. மடித்து.

பத்துக் கிலோ போதும். முதல் வருடத்தில் பத்துக்கு மேல் வராது.

ஆரணி

*

பீலெஃபெல்ட்
3.12.2023

அன்புள்ள தம்பிக்கு,

அலுமாரி நன்றாக இருக்கிறது. நீ இங்கே நின்றபோதே நான் சொல்லியிருக்கலாம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய், நானும் அப்படியே நின்றேன். உன் அத்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொண்டு திரிகிறார். சத்தமே வருகுதில்லை என்கிறார்.

நீ ஆணிப்பெட்டிகளைக் கட்டடத்துக்கு அடியில் இருக்கிற கெல்லருக்குக் கொண்டுபோன நேரத்தில் மாமி, அத்தானின் அப்பாவுடைய பழைய இரும்பு நாடாவை எடுத்து வந்தா, ஊரிலிருந்து வந்தது, அடியும் அங்குலமும் போட்டது. நுனியை என்னிடம் தந்து கட்டிலுக்குப் பின்னால் போய்த் தலைமாட்டுச் சுவரில் பிடிக்கச் சொன்னா. தான் மற்றப் பக்கம் அடிப்பலகையோடு குந்தியிருந்து வாசித்தா. சரியாகப் பதினொன்று. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “தம்பி வாய்தான் காரம், கை சுத்தம்” என்றா. பிறகு நீ வந்து தூசி கூட்டிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாய். உனக்கென்று இடித்துவைத்த இரண்டு போத்தல் மிளகாய்த்தூள் இங்கே கிடக்கிறது.

நான் உள்ளே படுத்துக்கொண்டு அலுமாரியைப் பார்க்கிறேன். வெள்ளையாக, சுவர்போலவே இருக்கிறது.

ஆரணி

*

பீலெஃபெல்ட்
12.6.2024

தம்பி,

ஆறு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இது பதினாறாவது கிழமை. இவ்வளவு தூரம் முந்தி இரண்டு தரமும் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அலுமாரியால்தான் என்று மாமி கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டா. உன் நம்பரைக் கேட்டு நாலு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். கோபிக்காதே. அவர்களுக்கும் அறையை அளந்து கொடுக்கட்டாம். இல்லையென்று சொல், ஆனால் பண்பாகச் சொல். நவம்பர் முடியும்வரை வாயைக் கொஞ்சம் கட்டிவை. அதுதான் நான் உன்னிடம் கேட்பது.

ஆரணி

*

ஹம்பேர்க்
30.6.2024

அக்காவுக்கு,

ஏழு பேர். நான்கு அல்ல. இரண்டு கிழமையில் ஏழு பேர், வேலை நேரத்தில். ஒருவர் வேலையிடத்துத் தொலைபேசிக்கே எடுத்தார். மகளுக்குக் கல்யாணம் சரிவரவில்லையாம், அறை பதின்மூன்று அடியாம், ‘குழந்தை அலுமாரி கட்டின தம்பி நீர்தானே’ என்றார். என்னோடு வேலை செய்பவர்கள் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்கள். நான் சிரிக்கவில்லை.

நீங்கள் வாயைக் கட்டச் சொன்னீர்கள். ஏலாது. ஓர் அளவு பிழையாக ஊர் முழுக்கத் திரிகிறது, அது என் அளவு. ஆகவே கேளுங்கள்:

உங்கள் அறை பதினொரு அடி அல்ல. அலுமாரியின் ஆழம் 36.7 இல்லை, 34. நான்தான் மாற்றினேன். ஒரு முழுப் பலகையின் அகலம் 207. 36.7 ஆக அறுத்தால் ஐந்து கீலம் வரும், மிச்சம் குப்பை. 34 ஆக அறுத்தால் ஆறு கீலம், மிச்சமே இல்லை. ஒரு மூடநம்பிக்கைக்காக நல்ல பலகையைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் கேட்கவும் இல்லை. உங்கள் அறை இப்போது 338. பதினொரு அடி, ஓர் அங்குலம். அளந்து பார்க்கலாம்.

மாமி அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னா? “ஒரு அங்குலம் கூடினாலும் அது பன்னிரண்டின்ர பலனைத்தான் தரும்.” நல்லது. அந்தப் பிள்ளை பன்னிரண்டின் பலனுக்குள்தான் உண்டாகி, பத்தொன்பது கிழமை வளர்ந்திருக்கிறது. இதைவிடத் தெளிவான நிரூபணம் ஒருவருக்கும் கிடைக்காது. மாமியிடம் நீங்களே சொல்லுங்கள். அல்லது அடுத்த முறை தொலைபேசி எடுப்பவரிடம் நானே சொல்கிறேன்.

இந்தக் கடிதம் தொலையக்கூடாது என்பதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தாரகன்

*

பீலெஃபெல்ட்
9.7.2024

தாரகன்,

உன் பதிவுத் தபால் தொலையவில்லை. நான் வேலைக்குப் போன நேரம் தபால்காரர் வந்தார். மாமி கையெழுத்துப் போட்டு வாங்கினா.

ஜெர்மனில் எழுதியிருந்தால் மாமிக்கு ஒரு சொல் விளங்கியிராது. உறையை மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பா. நீ தமிழில் எழுதினாய், நான் படிப்பித்தபடி. இந்த முறை பிழையும் இல்லை.

நான் வந்தபோது மாமி மேசையில் இருந்தா. உன் அத்தான் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்றார். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, என் முகத்துக்கு முன்னால் முழுக் கடிதத்தையும் உரத்து வாசித்தா. ‘எனக்கு மனம் வரவில்லை’ என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியைத் திரும்ப வாசித்தா. பிறகு கேட்டா: “அப்ப இந்த ஏழு மாசமும் பன்னிரண்டுக்குள்ளதானே படுத்திருக்கிறீர்?”

இரும்பு நாடா வந்தது. இந்த முறை நுனியை என்னிடம் தரவில்லை, தன் மகனிடம் கொடுத்தா. பதினொன்றும் ஒன்றும். மாமி நாடாவைச் சுருட்டவில்லை. குந்தியிருந்தபடியே என்னைப் பார்த்து, “அண்டைக்கு நுனியைப் பிடிச்சது ஆர்?” என்று கேட்டா.

சுவரோடு ஒட்டித்தான் பிடித்தேன் என்றேன். உன் அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நான் இருப்பறைச் சோபாவில் படுக்கிறேன். அறையை மாமி பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருக்கிறா. என் உடுப்புகளுக்காகக் காலையில் ஒரு தரம் திறந்துவிடுவா.

உனக்கு ஒன்று சொல்லவேணும். சொல்லக்கூடாது, ஆனால் நீ ஒரு புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குத் தெரியும். நீ கெல்லருக்கு இறங்கிய உடனேயே தெரியும். மாமி வர முன்னம் நானே உன் நாடாவால் அளந்தேன், 338. உன்னைக் கூப்பிட நேரமில்லை, கூப்பிட்டால் நீ என்ன கதைப்பாய் என்றும் தெரியும். அதனால் கட்டிலுக்குப் பின்னால் போய், நாடாவின் நுனியைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் முன்னால் பிடித்தேன். கட்டை விரலின் அகலம். மாமி பதினொன்று என்றதும் மூச்சை விட்டேன்.

அந்த அங்குலத்தை ஏழு மாதம் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஏழு பேரின் தொலைபேசியைப் பொறுக்க முடியவில்லை.

இனி எழுதுவதென்றால் நான் வேலை செய்யும் மருந்துக்கடை முகவரிக்கு எழுது. எழுதாவிட்டாலும் நல்லது.

ஆரணி

*

ஹம்பேர்க்
14.7.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்து தரம் வாசித்தேன்.

கடிதத்தை மாமி வாங்குவா என்று நான் நினைக்கவில்லை. அது பிழை. பதிவுத் தபால் என்றால் வீட்டில் இருப்பவர் கையெழுத்துப் போடுவார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எழுதியது பிழை இல்லை.

சோபா சரிவராது. ஐந்து மாத வயிறோடு ஒருவரைச் சோபாவில் படுக்கவிடுவது மனையடி இல்லை, கொடுமை. வழி சுலபம். அலுமாரியின் முன்னால் 27 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு கீலம் ஒட்டினால் பதினொரு அடி முடிந்தது. அரை நாள் வேலை. எப்போது வரட்டும்?

இல்லையென்றால் நான் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். நான் குறைத்து அறுத்தேன், அக்கா அதை அளந்து கண்டுபிடித்தா, அப்படி இருந்தும் அறையில் படுத்தா, ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று. அப்போது நாங்கள் இரண்டு பேர் ஒரு பக்கம். அவர்கள் பதில் சொல்லட்டும். ஏன் ஒளிக்கிறீர்கள்? நீங்கள் படித்தவர், மருந்துக்கடையில் நிற்கிறவர். ஓர் இரும்பு நாடாவுக்கு ஏன் பயப்படுகிறீர்கள்? டோர்ட்மண்டில் அம்மா இருக்கிறா, ஓர் அறை இருக்கிறது. பெட்டியைக் கட்டுங்கள்.

ஒன்றை முன்னமே சொல்லிவிடுகிறேன். யாரும் என்னிடம் நேரே கேட்டால் அளவில் பொய் சொல்ல மாட்டேன். ஒருவருக்காகவும் சொன்னதில்லை.

தாரகன்

*

பீலெஃபெல்ட்
29.7.2024

தாரகன்,

போன செவ்வாய், ஜூலை 23. இருபத்திரண்டாவது கிழமை. பெண் பிள்ளை. நானூற்று எண்பது கிராம். நீ எப்போதும் பாரம் கேட்பாய், அதனால் எழுதுகிறேன்.

கருப்பையின் வாய் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னா. முதல் இரண்டும் வேறு, இது வேறு என்றா. நான் அவவிடம் நேரே கேட்டேன்: சோபாவில் படுத்ததாலா, மனம் குழம்பியதாலா, ஒரு கடிதத்தாலா? இல்லை என்றா. மூன்றுக்கும் தனித்தனியாக இல்லை என்றா. உனக்கு ஆறுதலாக இதை எழுதவில்லை. நீ சரியான கணக்கு வேணும் என்பவன், அதற்காக எழுதுகிறேன்.

மாமிக்கு டாக்டரின் கணக்குத் தேவையில்லை. அவவிடம் அங்குலம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து என் தலையைத் தடவி, அழுது, பிறகு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று திரும்பக் கேட்டா: “பிள்ளை, உண்மையைச் சொல்லும். நுனியைச் சுவரோட ஒட்டித்தானே பிடிச்சனீர்?”

ஓகஸ்ட் 10, சனிக்கிழமை, பதினொரு மணிக்குச் சிறீதரன் மாமா வாறார். உன்னையும் கூப்பிடப் போகிறார்கள். எல்லாரையும் இருத்தி வைத்துக் கேட்கப் போகிறார்கள். உன்னில் பிழை என்றால் நீ வெளி ஆள், உன்னைத் திட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்திருந்தது என்று வந்தால் நான்தான் தெரிந்துகொண்டே பிள்ளையை அந்த அறைக்குள் வைத்திருந்தவள். பிறகு வேறு வழி பார்க்க என்று மாமி சிறீதரன் மாமாவுக்குத் தொலைபேசி எடுக்கவும் தேவையில்லை, மகனே பெட்டியைக் கட்டித் தந்துவிடுவார்.

அம்மாவிடம் போ என்று எழுதியிருக்கிறாய். ஏன் போகவில்லை என்று உனக்கு ஒரு தரம் சொல்கிறேன், திரும்பக் கேட்காதே. செவ்வாய்க்கிழமை விடிய, ஆம்புலன்ஸ் வர முன்னம், உன் அத்தான் குளியலறை நிலத்தை முழங்காலில் நின்று கையால் துடைத்தார். நான் வெளியே வரும்போது நான் எதையும் காணக்கூடாது என்று. தாய்க்கு முன்னால் வாய் திறக்காத மனிதன்தான், தெரியும். ஆனால் அந்தத் துணியை அவர் என் கண்ணில் காட்டவே இல்லை. நான் அவரை விட்டுப் போக மாட்டேன். நீ அளந்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது.

அளவில் பொய் சொல்ல மாட்டேன் என்றாய். சரி. நான் கேட்பது அதுதான். நீ ஒருவருக்காகவும் சொல்லாததை, ஒரு தரம், எனக்காகச் சொல். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். மாமி கெட்டிக்காரி. ‘அப்ப எப்பிடி அண்டைக்குப் பதினொண்டு வந்தது’ என்று கேட்பா. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆறு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை.

முடியாதென்றால் வராதே. வந்து உண்மையைச் சொன்னால், தாரகன், நான் உன் அக்கா இல்லை.

ஆரணி

*

ஹம்பேர்க்
2.8.2024

அக்காவுக்கு,

மேலே வெட்டியிருக்கும் மூன்று வரிகளையும் வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க வேண்டாம். அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை.

480 என்பதை எழுதியதற்கு நன்றி. அதை எதில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் மூன்றுக்கும் இல்லை என்றது விளங்கியது. இருந்தாலும் அந்தக் கடிதத்தை எழுதும்போது நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அது பொறுக்காமல்தான் எழுதினேன். தொலைபேசிகள் ஒரு சாட்டு. என் பலகையைக் கொண்டுபோய் மாமி தன் வெற்றியாக்கிவிட்டா, நீங்களும் அவவோடு சேர்ந்து சந்தோஷப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கட்டிலுக்குப் பின்னால் தனியாக நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு உறுதியில்லை.

நீங்கள் ஆறு நாளாகத் தேடிய பதில் என்னிடம் இருக்கிறது. எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அலுமாரியின் வரைபடத்தைத் திரும்ப விரித்தேன். மாமி அன்றைக்கு அளந்தது அடிப்பலகையிலிருந்து. அடிப்பலகையில் இரண்டு துளைகள் இருக்கின்றன. அவை எதற்கு என்று உங்களைத் தவிர ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. மாமி அளந்தபோது நான் கெல்லரில், அளந்து முடிந்த பிறகு நான் வந்து தூசி கூட்டினேன். இவ்வளவும் உங்கள் டிசம்பர்க் கடிதத்திலேயே இருக்கிறது. எல்லாம் பொருந்துகிறது. ஒரு பொய் இவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனிச் செய்யப்போவது:

1. இன்று பின்னேரம் கம்பனி அறுவை மேசையில் ஒரு கீலம் அறுப்பேன். நீளம் 410, தடிப்பு 2.7. அதே வெள்ளை. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, கம்பனி வானின் தளத்தில் கிடக்கும் தூசியைப் பூசுவேன், எட்டு மாதப் பழசாகத் தெரிய வேணும்.

2. அதில் இரண்டு துளை போடுவேன். துளைக்குத் துளை 296 சென்ரிமீற்றர், என் வரைபடத்தில் உள்ளபடி.

3. உங்கள் ஜூலை 9, ஜூலை 29 கடிதங்களை எரிப்பேன். இந்தக் கடிதத்தையும் என் ஜூலை 14 கடிதத்தையும் நீங்கள் மருந்துக்கடையிலேயே கிழித்துவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

4. பத்தாம் திகதி பத்தே முக்காலுக்கு வந்து நிற்பேன். சிறீதரன் மாமா கேட்க முன்னம் நானே தொடங்குவேன்: “மாமி, அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. பலகை மிச்சம் பிடிக்க நான்தான் குறைச்சு அறுத்தனான். நீங்கள் அளக்கேக்க தெரியாமல் இருக்க இந்தக் கீலத்தை முன்னுக்குப் பூட்டி வைச்சனான். நீங்கள் அளந்து முடிய, கூட்டுற சாட்டில வந்து கழட்டிக்கொண்டு போனனான்.”

5. மாமியிடம் திறப்பைக் கேட்டு அறையைத் திறப்பிப்பேன். எல்லாருக்கும் முன்னால் கீலத்தை அந்த இரண்டு துளைகளிலும் பூட்டிக் காட்டுவேன். சிறீதரன் மாமா தன் கையால் அளக்கட்டும், நுனியை மாமி பிடிக்கட்டும். 335.3 வரும். பிறகு அதைக் கழற்ற மாட்டேன். அறை அன்றிலிருந்து பதினொரு அடி.

6. 92 உயரத் தட்டில் கை வைக்க மாட்டேன். பத்துக் கிலோ என்றீர்கள், நாற்பதுக்குப் போட்டிருக்கிறேன்.

7. நீங்கள் என்னை என்ன சொல்லித் திட்டினாலும் பதில் சொல்லாமல் நின்று கேட்பேன். உரத்துச் சொல்லுங்கள், மாமிக்குக் கேட்க வேணும். நடிக்கத் தேவையிராது.

தாரகன்